பூங்காவுக்கென்று காட்டிய இடம்

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சம்பத் சார் மாநகராட்சியில் உரிமம் வாங்கிய இன்ஜினியர். வீட்டு வரைபடம், மனைப்பிரிவு வரைபடம் எல்லாம் போட்டு அனுமதி வாங்கித் தருகிறவர். அலுவலகம் மாநகராட்சிக் கட்டடத்துக்கு எதிர்ச் சந்தில், பேக்கரியின் மாடியில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைவது மெர்லின் அக்கா. வரைந்து வருகிற பெரிய தாளுக்குக் கலர் அடிப்பது நான். சாலைக்கு மண்நிறம், பூங்காவுக்குப் பச்சை, எல்லைக்குச் சிவப்புக் கோடு. எல்லாம் கலர் பென்சில்தான். அத்தனை அகலத் தாளுக்குக் கலர் மெஷின் இங்கே இல்லை. கையால் அடித்தால் ஆபீசர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்கிறார் சார்.

சார் மூன்று கேள்விதான் கேட்டார். எவ்வளவு படித்தாய்? ஒன்பதாவது. ஏன் நின்றாய்? அம்மாவுக்கு ஒத்தாசைக்கு. (வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்ன அன்றைக்கு நடந்ததைச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.) வீடு எங்கே? மூடிக் கிடக்கிற நூல் மில்லுக்குப் பின்னால், லைன் வீட்டில். சார் பேனாவை மூடி வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

"இன்னைக்கே உக்காந்துரு கண்ணு" என்றார்.

எனக்கு முன்னால் பன்னிரண்டாவது முடித்த பெண்கள் மூன்று பேர் வந்து போனார்களாம். மெர்லின் அக்கா சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த டைரியும் அக்கா கொடுத்ததுதான். போன வருடத்தது. கிழமையை மட்டும் அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 5, புதன்

பென்சிலை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. இன்றைக்கு இரண்டு தாள் வீணாகிவிட்டது. சார் திட்டவில்லை.

ஜூன் 8, சனி

சார் மதியம் என்னைக் கூப்பிட்டு ஒரு முழுநீளத் தாளைக் கொடுத்தார். "உங்க லைன்ல தெருவிளக்கே இல்லையாமா? கார்ப்பரேஷன்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. எல்லார்த்துகிட்டயும் கையெழுத்து வாங்கீட்டு வா. மேல பாதி சும்மா இருக்கட்டும், மேட்டர நான் அடிச்சுக்கறேன்" என்றார். எங்கள் லைனைப் பற்றி அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

எங்களுடையது பன்னிரண்டு வீடு. மில் ஓடிய காலத்தில் பழைய முதலாளி தொழிலாளர்களிடம் வாய்ப்பேச்சாகக் கட்டிக்கொள்ளச் சொன்ன இடம். கரண்ட் இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, பட்டா மட்டும் இல்லை.

ஒவ்வொரு வீடாகப் போய்த் தாளையும் பேனாவையும் நீட்டினேன். பேச வேண்டியதைப் போகும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றதும் எல்லாம் போய்விட்டது. 'லைட்' என்ற ஒரு சொல்தான் வந்தது.

மூன்றாவது வீட்டு ரங்கண்ணன் டாட்டா ஏஸ் ஓட்டுகிறவர். வண்டிக்கடியில் படுத்திருந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"ஏம் புள்ள, வாய்க்குள்ள என்ன கடலமுட்டாயா வெச்சிருக்கற? மேல ஒண்ணுமே எழுதாம கையெழுத்துக் கேக்கறயே, எஞ் சொத்தையா எழுதி வாங்கப் போற?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இருந்தாத்தான அண்ணா எழுதி வாங்கறதுக்கு!" என்று எதிர் வீட்டிலிருந்து பாப்பாத்தியக்கா சத்தம் போட்டார். "போடுங்க. அந்தப் புள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறதே அதிசயம்."

ரங்கண்ணன் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அம்மா கடைசியாக, ச-ர-சு என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். "நம்ம புள்ளயால லைட்டு வருது" என்று பக்கத்து வீட்டில் இரண்டு தடவை சொன்னாள்.

ஜூன் 10, திங்கள்

தாளைக் கொடுத்தேன். சார் எண்ணிப் பார்த்தார். "பன்னெண்டும் வந்துருச்சே! நானே போயிருந்தாக்கூட இத்தன கெடைச்சிருக்காது" என்றார். "கீழ, 'எம் முன்னிலையில் போட்ட கையெழுத்து'ன்னு எழுதி உம் பேரையும் போட்டுரு." போட்டேன். என் பெயர் ஒரு ஆபீஸ் காகிதத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை.

ஜூன் 12, புதன்

மழை. பேக்கரியில் பன் சூடாகக் கொடுத்தார்கள்.

ஜூன் 14, வெள்ளி

பெரிய வேலை வந்திருக்கிறது. நூற்றுப் பதினெட்டு மனை. ஒன்பது நகல். மாநகராட்சி நகரமைப்புப் பிரிவு ஆய்வு செய்து இம்மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுமாம். வரைபடத்தில் ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ கிடையாது. சர்வே எண்கள் மட்டும்தான். மனை விற்கப் போகிற ஆளை இங்கே எல்லோரும் 'பார்ட்டி' என்றுதான் சொல்கிறார்கள். அவர் வந்தால் சார் எழுந்து நிற்கிறார்.

பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி கிடைக்கும். எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. இதில் பூங்கா தாளின் ஓரமாக, நீளமாக, ரிப்பன் மாதிரி இருக்கிறது. அதற்குப் பச்சை அடிக்கும்போது ஊஞ்சல் எங்கே வரும், மரம் எங்கே வரும் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். மெர்லின் அக்காவிடம்கூடச் சொன்னேன். நானாகவே வாயைத் திறந்து சொன்னேன்.

"ஊஞ்சலா?" என்றார் அக்கா. அப்புறம் ஏதோ சொல்ல வந்தவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 17, திங்கள்

ஆறு முடிந்தது. தோள்பட்டை வலிக்கிறது. பச்சைப் பென்சில் இரண்டு தீர்ந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

எழுதுகிறேன். எழுதினால்தான் இது நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வரும்.

எட்டாவது நகல். கை வலித்ததால் மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று அடித்தேன். அப்போது தாள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. முக்கோணமாக ஒரு சந்திப்பு. அதிலிருந்து வலது கைப் பக்கம் வளைகிற சாலை. அந்த வளைவில் நான் எத்தனை தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். அப்புறம் மில் கேட். அப்புறம் நீளச் சுவர். சுவருக்குப் பின்னால் சின்ன வட்டம், உள்ளே 'கி' என்று எழுத்து. கிணறு. எங்கள் லைன் கிணறு. தாளின் அகலத்துக்கு இடம் பொருந்த வேண்டும் என்று வடக்கைத் தாளின் அடிப்பக்கமாகத் திருப்பி வரைந்திருக்கிறார்கள். மூலையில் சின்ன அம்புக்குறி போட்டுக் காட்டியும் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு இருக்க வேண்டும். தாளில் ஒன்றுமே இல்லை. நான் அடித்த பச்சை மட்டும்தான் இருந்தது.

கிணற்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பதினாறு எட்டு. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். தாளில் அரை அங்குலம்கூட வரவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்தேன். எடுத்தபோது விரல் பச்சையாக இருந்தது.

"என்ன ஹேமா, நின்னுட்ட? ஒன்பதாவது யாரு அடிக்கிறது?" என்றார் சார், உள்ளே இருந்து.

அடித்தேன். ஒன்பதாவதையும் அடித்து முடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை. கை நிற்கவில்லை.

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்னடி, பேயப் பாத்தவளாட்ட வாற?" என்றாள். தலை வலிக்கிறது என்றேன்.

ஜூன் 19, புதன்

சார் சாப்பிடப் போனதும் ஃபைலைத் திறந்தேன். பதினோராவது பக்கத்தில் நான் வாங்கிய தாள். மேல் பாதியில் டைப் அடித்திருந்தது. பார்த்தது பார்த்தபடி எழுதுகிறேன்:

'மேற்படி இடத்தில் எங்களுக்கு வீடோ வேறு எந்தப் பாத்தியதையோ கிடையாது. மில் காவலுக்காகத் தற்காலிகமாகப் போட்டிருந்த கொட்டகைகளை நாங்களே மனமுவந்து அகற்றிக்கொண்டோம். இடத்தைப் பூங்காவாக ஒதுக்குவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'

அகற்றிக்கொண்டோமாம். காலையில் அந்த வீட்டில்தான் தலை சீவிக்கொண்டு வந்தேன்.

கீழே பன்னிரண்டு கையெழுத்து. ரங்கண்ணன் கையெழுத்தின்மேல் கிரீஸ் விரல் தடம். ச-ர-சு. அதற்கும் கீழே, எல்லாவற்றையும்விடச் சுத்தமான கையெழுத்தில், நான்.

மெர்லின் அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"எனக்குத் தெரியும், ஹேமா" என்றார். "அடிச்சது நான்தான். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, இந்த வேலையும் போச்சுன்னா..." பாதியில் நிறுத்திவிட்டு என் தோளைத் தொட்டார். நான் நகர்ந்துகொண்டேன். "ஆள் வேணும்னு போர்டு மாட்டறப்பவே சார் சொன்னாரு. அந்த லைன்ல இருந்து வரணும், வாயத் தொறக்காத பொண்ணா இருக்கணும்னு."

மூன்று கேள்வி. பேனாவை மூடி வைத்தது.

ஜூன் 20, வியாழன்

சாரிடம் கேட்டுவிட்டேன். வரைபடத்தில் பச்சையைக் காட்டி, "எங்க ஊடுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"இத பாரு கண்ணு. பார்ட்டி யாரையும் காலி பண்ணச் சொல்லுலயே? கேஸு போட்டாங்களா, ஆள வெச்சு மெரட்டுனாங்களா? ஒண்ணுமில்ல. எடத்தக் கார்ப்பரேஷனுக்குத் தானமாக் குடுக்கறாங்க. அப்பறம் அது பார்க். பார்க்குல ஊடு இருந்தா அவங்களே வந்து எடுத்துருவாங்க. ஆக்கிரமிப்புன்னு போர்டு வெச்சுட்டு ஒரு காலைலயே வேல முடிஞ்சுரும். யாரு மேலயும் பாவம் கெடையாது பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மகளுக்கும் என் வயதுதானாம், கணக்கு வரமாட்டேன் என்கிறதாம். அதையும் அதே குரலில் சொன்னார். டீயை நான் குடிக்கவில்லை. "ஆறுது பாரு" என்றார்.

ஜூன் 22, சனி

அம்மாவிடம் சொன்னேன். சொல்ல முடியாமல், தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதை இறக்கி வைக்கவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய் ரங்கண்ணனைக் கூப்பிட்டாள். அவர் முதலில் சிரித்தார். "அகற்றிக்கிட்டமா? அப்ப நான் நிக்கறது யாரு ஊட்டு வாசல்ல?" என்றார். யாருமே சிரிக்கவில்லை என்றதும் என் பக்கம் திரும்பினார். கிணற்றடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"எத்தன வாங்குன?" என்றார் பாப்பாத்தியக்கா.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினேன், இல்லை இல்லை என்று.

"ஊமையாட்ட இருக்கறதுகளத்தான் நம்பக்கூடாது. பாரு, பன்னெண்டு ஊட்டையும் ஒரு பேனால தொடச்சு வுட்டுட்டா."

அம்மா எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு அடிகூட இருக்காது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு வைத்தாள். என் தட்டை என் பக்கம் தள்ளினாள். பேசவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

குழாயடியில் எனக்கு முன்னால் நின்றவர்கள் நகர்ந்து வழி விட்டார்கள். அது வழி விட்டது இல்லை.

ஜூன் 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மாநகராட்சியில் மனு வாங்குகிற நாள். மனு எழுத வேறு ஆள் இல்லாததால் ரங்கண்ணன் என் முன்னால் காகிதத்தை வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வரி ரசீதுகளை எல்லாம் கோத்து எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டிலிருந்தும் போனோம். கூட்டத்துக்குக் கடைசியில் நான் போனேன். அம்மா முன்னால்.

எழுத்தர் மனுவை வாங்கி ஃபைலைப் பார்த்தார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப நீங்களே மாத்தி எழுதுனா எப்பிடிங்க?"

"வரி வாங்கறீங்களேங்க!" என்று ரங்கண்ணன் ரசீதை மேசைமேல் வைத்தார். "ஊடில்லாத ஊட்டுக்கு யாராச்சும் வரி வாங்குவாங்களா?"

"வரி வாங்கறது வேற பிரிவுங்க. இது நகரமைப்பு. நாங்க வரைபடத்தத்தான் பாக்க முடியும்."

ஒரே கட்டடம். அந்தப் பிரிவு கீழே, இந்தப் பிரிவு மேலே. நடுவில் இருபது படி. கீழே நாங்கள் இருக்கிறோம். மேலே இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கள ஆய்வு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஜூன் 26, புதன்

சார் ஆள் விட்டார். நாளைக்கு நான் வந்து அலுவலகத்தில் இருந்தால் போதுமாம், இடத்துக்கு வர வேண்டாமாம். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வந்த ஆளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஜூன் 27, வியாழன்

பதினோரு மணிக்கு மில் கேட்டுக்கு ஜீப் வந்தது. நகரமைப்பு ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கூட டேப் பிடிக்கிறவர் ஒருவர். சம்பத் சார் வரைபடத்தோடு முன்பே வந்து நின்றிருந்தார். பார்ட்டியின் காரும் நின்றது. அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்ததும் சாரின் முகம் ஒரு நொடி மாறியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது.

மில் முன்புறத்தை மட்டும் சார் சுற்றிக் காட்டினார். மனை எண், சாலை அகலம் எல்லாம் அளந்தார்கள். பின்பக்கச் சுவர் வந்ததும், "அந்தப் பக்கம் முள்ளுக் காடுங்க மேடம், போக வழி இல்ல. காலி எடம்தான், போட்டோ ஃபைல்ல வெச்சிருக்கறனுங்க" என்றார். ஆபீசரம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். நிஜமாகவே திரும்பிவிட்டார். பன்னிரண்டு வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

ரங்கண்ணன் ஓடிப் போய் முன்னால் நின்றார். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றார் ஆபீசரம்மா. ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"எங்களுதுதானுங்க. ஆனா மேல ஒண்ணுமே எழுதீருக்கலீங்க."

"கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் அப்புறம் இப்பிடித்தான் சொல்றாங்க. வாங்குனது யாரு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்து நாளாக என்னைத் திட்டியவர்கள். பாப்பாத்தியக்கா கீழே கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கண்ணன் வானத்தைப் பார்த்தார். ஒரு கைகூட என் பக்கம் நீளவில்லை. அது எனக்குச் சார் செய்ததைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

"வாங்குனவங்க வேலைய வுட்டு நின்னுட்டாங்க மேடம்" என்றார் சார். "எங்க போனாங்கன்னே தெரியலைங்க."

என்னிடமிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்று சொன்னார். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அத்தனை நம்பிக்கை.

"நாந்தானுங்க" என்றேன்.

சத்தம் சரியாக வரவில்லை. ஆபீசரம்மா, "என்ன?" என்றார்.

"நாந்தானுங்க வாங்குனது. அது எம் பேருங்க. லைட்டு வருதுன்னு சொல்லி வாங்குனனுங்க. தாள் காலியா இருந்துச்சுங்க. இவுருதான் குடுத்தாருங்க."

"மேடம், சின்னப் புள்ள, யாரோ சொல்லிக் குடுத்து..."

"இருங்க." அவர் என்னைப் பார்த்தார். "வாயில சொன்னாப் பத்தாது. எழுதிக் குடுக்கணும். எழுதுனா இது பொய்யா உண்டாக்குன கடுதாசின்னு ஆகும். விசாரணைக்கு உன்னையும் கூப்புடுவாங்க. உன்னையும் சேர்த்துத்தான் கேப்பாங்க. புரியுதா?"

புரிந்தது. எழுதுவது மட்டும் எனக்கு வரும். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினேன். தகடு கொதித்தது. தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். சார் யாருக்கோ போன் செய்துகொண்டே தூரமாகப் போனார். பார்ட்டியின் கார் கிளம்பிவிட்டது.

ஆபீசரம்மா படித்து முடித்து மடித்து வைத்தார். "வழி எங்க?"

சுவரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனோம். முள்ளும் இல்லை, காடும் இல்லை. கொடியில் துணி காய்ந்தது. அதைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பிறகு டேப்பைப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு வீடாக அளந்து, நீளம், அகலம், எத்தனை பேர் என்று வரைபடத்திலேயே சிவப்பு மையால் கட்டம் போட்டு எழுதினார். பச்சையின் மேலேயே எழுதினார்.

"முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க" என்றார் ரங்கண்ணனிடம். "ஃபைல் திரும்பிப் போகுது, அவ்வளவுதான். இத பார்க்குன்னு காட்ட முடியாது. ஆனா எடம் இன்னும் மனை போடறவங்க பேர்லதான் இருக்கு. திருத்தின வரைபடம் வரும்போது மறுபடி வரச் சொல்வோம்."

கடைசி வீடு எங்களுடையது. பதினெட்டு அடிக்குப் பதினொன்று. அம்மா வாசலில் நின்றிருந்தாள். ஆபீசரம்மா குனிந்து எழுதிக்கொண்டே, "எத்தனை பேர் குடியிருக்கீங்க?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சனிக்கிழமையிலிருந்து என்னிடம் பேசாதவள். பதிலுக்கு இவ்வளவு நேரம் ஆகிற கேள்வி இல்லை அது. நான் டேப்பின் நுனியைப் பிடித்தபடியே நின்றேன்.

"ரெண்டு பேருங்க" என்றாள். ஆபீசரம்மா எழுதி முடித்து நிமிர்ந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. "நானும் எம்பட புள்ளையும். ரெண்டு பேருங்க."